பத்து நிமிடம் சும்மா உட்கார்வது

போன் அடித்தால் பெரியம்மா கையில் இருப்பதை முதலில் தரையில் வைப்பார். தேநீர்க் கோப்பை, சாக்பீஸ் டப்பா, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி, ஒருமுறை என் அக்காவின் கைக்குழந்தை. வைத்துவிட்டு, இடுப்பில் சுற்றிய சித்தெஞ்சேத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் போனை எடுப்பார். "யாரு" என்று கேட்க மாட்டார். "யாருக்கு?" என்றுதான் கேட்பார். பக்கத்து வீட்டுப் போன் அடித்தாலும் இதே கதைதான். பதில் வரும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் எனக்கும் அக்காவுக்கும் அது விளையாட்டு. அவரைப் போலவே நடித்துக் காட்டிச் சிரிப்போம். அவர் வலது பாதத்தில் இருந்த தழும்பு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அம்மா சொன்ன பிறகு அந்த விளையாட்டை விட்டுவிட்டோம். புருஷன் விபத்தில் இறந்த செய்தி போனில் வந்தபோது அவர் கையில் கொதிக்கும் கஞ்சி இருந்திருக்கிறது.

அவர் பெயர் எஸ்நாத் கலிந்தே. என் அம்மாவின் அக்கா. எங்கள் நகரமான பிளான்டயரில், சிலோமோனிப் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் நூற்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மாதம் ஒருமுறை இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்வார்கள், யாரும் போக மாட்டார்கள். பள்ளி விட்டால் அவருக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. எங்கள் மலைச்சரிவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெண்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். வீட்டுக்கு ஒரு தட்டு சோளமாவு திரட்டுவது, விறகு, பெரிய பானைகள், பாடுவதற்கு யார், அழுபவளின் பக்கத்தில் யார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் யார் யாருடைய துக்கத்துக்கு எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்பது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மனிதருக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய பெரிய பொருள் அதுதான்: துக்க வீட்டின் தரையில் உட்காரும் ஒரு நாள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் வீட்டுச் சாவுக்கு ஆள் வராது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், தமாண்டா. சோம்பா நகரில் நாலு வருடம் படித்துவிட்டு, சிலோமோனியில் வேலை கிடைத்ததும் பெரியம்மாவின் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். அவருடைய ஒரே மகன் மயேசோ ஜோகன்னஸ்பர்க்கில் காவலாளியாக இருந்தான். அவன் கட்டில் சும்மா கிடந்தது.

என் வேலை எங்கள் பகுதி மருத்துவமனையில் நடந்த ஒரு வகுப்பில் உதவியாளராக இருப்பது. கவலையாலும் ரத்த அழுத்தத்தாலும் அவதிப்படுகிறவர்களுக்கு, மூச்சைக் கவனித்து, நினைப்பை இருக்கிற இடத்திலேயே வைத்திருக்கக் கற்றுக்கொடுக்கும் எட்டு வார வகுப்பு. பாடம் நடத்துவது கம்வெண்டோ என்ற ஆண் நர்ஸ். வகுப்புக்கான துண்டுப் பிரசுரத்தை ஆங்கிலத்திலிருந்து எங்கள் மொழிக்குக் கொண்டுவந்தது நான். என் எழுத்து முதன்முதலாக அச்சில் வந்தது அதில்தான்.

மே மாதத்தில் பெரியம்மாவுக்கு அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. கம்வெண்டோ கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தார். அதேதான்.

"டீச்சர், மாத்திரை ரெண்டு வாரத்துக்குத்தான் இருக்கு. அப்புறம் எப்ப வரும்னு எனக்கே தெரியாது. இது எறங்கலன்னா ஒரு பக்கம் விழுந்துரும். நான் பயமுறுத்தல."

"பயமுறுத்தாமயே நல்லா பயமா இருக்கு தம்பி."

நான்தான் அவர் பெயரை வகுப்பில் சேர்த்தேன். மூன்று மாதத்தில், ஆகஸ்ட் முடிவதற்குள், அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். மாத்திரை நிச்சயமில்லை. எங்கள் கையில் இருந்தது மூச்சு மட்டும்தான்.

முதல் புதன்கிழமை, மருத்துவமனைக் கொட்டகையில் பதினாறு பெண்கள். கம்வெண்டோ ஆளுக்கு ஒரு நிலக்கடலை கொடுத்தார். அதை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும், முகர வேண்டும், பிறகு வாயில் போட்டு மெதுவாக மெல்ல வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்றார் ஒரு பெண். "விருந்துக்குக் கூப்பிட்டியே தம்பி."

"ஒரு கடலைக்கு அஞ்சு நிமிஷம்னா மிச்ச மூட்டைய எலி தின்னுட்டுப் போயிரும்," என்றார் இன்னொருவர்.

பெரியம்மா சிரிக்கவில்லை. நல்ல மாணவி. கடலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசு எங்கயாவது ஓடுனா என்ன செய்யறது?" என்று கேட்டார்.

"ஓடட்டும் டீச்சர். திட்டாம, மெதுவா கையப் புடிச்சுத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"எடைவேளை முடிஞ்சு புள்ளைங்கள வகுப்புக்குக் கூட்டிட்டு வர்ற மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப அதுலயே பாதி நேரம் போயிரும்," என்றார் பெரியம்மா. அப்போதுதான் கொட்டகையில் நல்ல சிரிப்பு எழுந்தது.

வீட்டில் தினமும் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பழக வேண்டும். சும்மா. எதையும் கேட்காமல், எதையும் செய்யாமல். ஜெபம் பண்ணாமல் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும் என்று பெரியம்மா நினைத்தார். இருந்தாலும் பிரசுரத்தை நாலு முறை படித்தார். அதில் நான் எழுதியிருந்தேன்: 'தரையில் பாய் விரித்து, காலை வசதியாக நீட்டி உட்காருங்கள். இடம் காலியாக இருக்கட்டும். சத்தங்கள் வரும். வரட்டும். கண்ணைத் திறக்காதீர்கள்.'

ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. சிப்பெரோனி என்று நாங்கள் சொல்லும் அந்தக் குளிர்த் தூறல் மலையிலிருந்து இறங்கியிருந்தது. நான் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தேன். எங்கள் முன்னறையில் நாலு சோபா நாற்காலிகளும் ஒரு மேசையும் போக, பாய் விரிக்க இடமில்லை. பெரியம்மா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். குளிருக்குத் தலையோடு சேர்த்து ஒரு துணியைப் போர்த்திக்கொண்டார். கதவைத் திறந்தே வைத்தார். காலையில் கதவு சாத்தியிருந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வரும். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணை மூடினார்.

ஒரு வீட்டு நாற்காலிகள் விடிகாலையில் வெளியே வந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். துக்கத்துக்கு வருகிறவர்கள் தரையில் உட்கார இடம் வேண்டும். ஐம்பது சாவு வீடுகளில் நாற்காலிகளை வெளியே தூக்கிவைக்கச் சொன்னவர் பெரியம்மா. அவருக்கே அது தோன்றவில்லை. பிரசுரத்தை எழுதிய எனக்கும் தோன்றவில்லை.

முதலில் பார்த்தது நாபிரி. சரிவின் கீழே, ஓடைக்குப் பக்கத்து வீடு. நெஞ்சு நோயில் படுத்திருக்கும் புருஷனுக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்துவிட்டு, தலையில் தக்காளிக் கூடையோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாற்காலிகளைப் பார்த்தார். திறந்த கதவு வழியாகத் தலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் டீச்சரைப் பார்த்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வழக்கம் அதுதான். வந்தவர்கள் யார் போனது என்று உடனே கேட்பதில்லை. முதலில் உட்கார வேண்டும்.

பெரியம்மாவுக்குக் காலடிச் சத்தம் கேட்டிருக்கிறது. பாய் நகரும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம். வரட்டும் என்று இருந்துவிட்டார். "நீ எழுதுனதுதானே, கண்ணத் தொறக்காதேன்னு," என்றார் பின்னால் என்னிடம்.

பத்து நிமிடம் முடிந்தது என்று சொல்ல ஆளில்லை; அரை மணி கழித்து நான் வாளியோடு திரும்பியபோது முன்னறையில் பதினொரு பெண்கள். மூலையில் மாவுத் தட்டுகள் சேர்ந்திருந்தன. யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். பாட்டுக்கு நடுவில் ஒரு குரல் உடைந்து, "ஐயோ, எங்க மயேசோ" என்றது.

பெரியம்மா கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாவம், டீச்சருக்கு நினைவு தப்பிருச்சு," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். இன்னொருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "நம்ம மயேசோவுக்கு அக்கா."

அந்த அலறலை நான் எழுதப்போவதில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்று நான் கத்தினேன். ஒருத்தி அடுத்தவளைக் காட்டினாள், அவள் இன்னொருத்தியை. டீச்சர் வீட்டில் வேறு யாருக்காக நாற்காலி வெளியே வரும், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்துதானே சவப்பெட்டிகள் வருகின்றன என்று பாதையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் எல்லா விரலும் நாபிரியிடம் வந்து நின்றன.

"நான் யாருன்னே சொல்லலையே," என்றார் நாபிரி. "நாற்காலியெல்லாம் வெளிய இருந்துச்சு. அதான் வந்து உக்காந்தேன்."

நான் விளக்கினேன். மூச்சு, பத்து நிமிடம், வகுப்பு. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் பெரியம்மா போனை எடுத்து அழைத்துக்கொண்டே இருந்தார். மயேசோவின் போன் அணைந்திருந்தது.

"வேலை நேரத்துல போனை வாங்கி வச்சுக்குவாங்க பெரியம்மா. சாயங்காலம் எடுப்பான்."

"இது நாற்காலியால வந்த சேதின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "வேற எங்கருந்தாவது உண்மையாவே வந்து, இதுல கலந்திருந்தா?"

படித்தவள் என்ற முறையில் ஒரு செய்தி எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்துவிட்டேன். அது பொய் என்று நிரூபிக்கத் தெரியவில்லை.

பெண்கள் போகவில்லை. பொய்யானால் சேர்ந்து சந்தோஷப்படலாம், மெய்யானால் ஏற்கெனவே வந்தாயிற்று என்றார்கள். நாபிரி பகல் முழுக்கப் பெரியம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவர் புருஷன் தனியாகக் கிடந்தார். வாசலில் தக்காளி தூறலில் நனைந்துகொண்டிருந்தது. "மூச்சு விடுங்க பெரியம்மா, எண்ணுங்க," என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை நாபிரி நிமிர்ந்து பார்த்து, "கொஞ்ச நேரம் பேசாம இரு கண்ணு," என்றார்.

நாலரைக்குப் போன் வந்தது.

"என்னம்மா, நாப்பது தடவ கூப்பிட்டிருக்கீங்க? யாரு செத்தா?"

"நீதான்," என்றார் பெரியம்மா.

"நானா? எப்போ?"

பதினொரு பெண்களும் சிரித்த சிரிப்பில் அடுத்த வரிசை வீடுகளிலிருந்து ஆள்கள் எட்டிப் பார்த்தார்கள். துக்கத்துக்கு வந்த மாவு திரும்பிப் போகக் கூடாது. அன்றே களி கிண்டி, உசிப்பா மீனோடு எல்லோரும் சாப்பிட்டோம். பெரியம்மா ஒவ்வொருவரிடமும் போய், "உனக்கு ஒரு நாள் தரணும்," என்றார். நாபிரியிடம் சொன்னபோது அவர், "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல டீச்சர்," என்றார். அதற்கும் சிரித்தோம்.

அடுத்த புதன் அழுத்தம் இருநூற்று நாலு. பிரசுரத்தில் கம்வெண்டோ ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: நாற்காலிகளை வெளியே வைக்க வேண்டாம். இன்றும் அந்த வரி இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் மருத்துவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆறாம் வாரப் பாடம், முடியாது என்று சொல்லப் பழகுவது.

"டீச்சர், உங்க மேல இருக்கற சுமையில எதை எறக்கி வைக்கலாம்? புள்ளைங்கள எறக்க முடியாது. எல்லாச் சாவுக்கும் நீங்கதான் போகணுமா?"

"முடியாதுன்னு யார்கிட்ட சொல்றது? செத்தவங்ககிட்டயா?"

கம்வெண்டோ அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. சாவு வீடு என்றால் மூன்று நாள் தூக்கமில்லை, உப்பு மிகுந்த சாப்பாடு, அழுகை, தலையில் விறகு. என் கண் முன்னால் அந்த எண்கள் இருந்தன. "ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மட்டும் பெரியம்மா. எறங்குற வரைக்கும். அப்புறம் எல்லாருக்கும் போங்க." ஒரு வாரம் பேசினேன். களைத்துப்போய், "சரி, நீ படிச்சவ. உனக்குத் தெரியும்," என்றார். எனக்கு அது வெற்றியாகப் பட்டது. உண்மையில் அவர் முடியாது என்று சொல்லப் பழகியிருக்க வேண்டியது என்னிடம்தான்.

ஜூலையில் இரண்டு சாவுகளுக்கு அவர் போகவில்லை. மாவு மட்டும் போனது. அழுத்தம் நூற்று அறுபத்தெட்டுக்கு இறங்கியது. படிவத்தில் அந்த எண்ணை எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்று இப்போது பார்க்கிறேன்.

ஆகஸ்டில் நாபிரியின் புருஷன் இறந்தார்.

செய்தியைக் கேட்டதும் பெரியம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்றேன்.

"ஒரே ஒரு மணி நேரம் தமாண்டா. முகத்தக் காட்டிட்டு வந்துர்றேன்."

"உங்களால ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு வர முடியுமா? சொல்லுங்க."

தலைத்துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"மூணு மாசம் முடிய இன்னும் பன்னெண்டு நாள்தான். மாத்திரை வேற இல்ல. நாபிரிக்குப் புரியும்."

"புரியும்," என்றார். "அதான் கஷ்டம்."

உள்ளே போய் நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, பாயில் உட்கார்ந்தார். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் சரிவேறி வந்தது. கேட்கிறதைக் கேளுங்கள் என்பது பாடம். அவர் கேட்டார். "மூணாவது அடிய இழுக்குறாங்க," என்றார் கண்ணைத் திறக்காமல். "யாரும் எடுத்துக் குடுக்கல." மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஆனதும், "முடிஞ்சுது பெரியம்மா," என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. குழாயடியில் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஊரில் காலை வணக்கம் நீளமானது: எப்படி விடிந்தது, பிள்ளைகள் எப்படி, ஜோகன்னஸ்பர்க்கில் எப்படி. இப்போது பெண்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரியம்மா தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்தார். அதை அவர் விடவே இல்லை. ஆனால் எண் மறுபடி ஏறத் தொடங்கியது. நூற்று எண்பத்திரண்டு. நூற்றுத் தொண்ணூற்றாறு.

"உக்காந்தா முன்னல்லாம் புள்ளைங்க வருவாங்க, மனசுல," என்றார் ஒருநாள். "இப்ப நாபிரி மட்டும்தான் வர்றா. கையப் புடிச்சு எங்க கூட்டிட்டுப் போறது?"

கம்வெண்டோவிடம் கேட்டேன். அவரும் யோசித்தார். பாடத்தில் அதற்கு ஒன்றும் இல்லை.

சும்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அது திருப்பிக் கொடுத்ததாகாது. அந்த வீடு தரையில் உட்கார்ந்திருக்கும்போது போய்க் கூட உட்கார வேண்டும். அடுத்த சந்தர்ப்பம் அக்டோபர் கடைசியில், இறந்தவருக்கு வைக்கும் நினைவுச் சாப்பாடு. பெரியம்மா செப்டம்பரிலேயே அதற்கென்று சோளம் இடித்து வைத்தார். இந்த முறை நான் தடுக்கவில்லை. எந்த எண்ணையும் சொல்லவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை கீழே விழுந்தது. பிறகு அவரே விழுந்தார். மாத்திரை அந்த வாரமும் வந்திருக்கவில்லை. மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சை எண்ணினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அவருடைய துக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மயேசோ திகைத்துப்போனான். ஜூலையில் அவர் போகாத இரண்டு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பதினொரு பெண்களும் வந்தார்கள். முதல் ஆளாக வந்தது நாபிரி. அவரே இன்னும் துக்கத் துணியில் இருந்தார். பெரியம்மாவைக் குளிப்பாட்டியவர்களில் அவரும் ஒருவர். மூன்று நாளும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அன்னிக்கு அவங்க கெளம்பிட்டாங்க. நான்தான் விடல."

"தெரியும் கண்ணு."

"உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் வர்றேன். அவங்களுக்குப் பதிலா."

நாபிரி கரண்டியை நிறுத்தினார். கோபம் எதுவும் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வா. வந்து உக்காரு. அது நீ வந்ததா இருக்கும். டீச்சர் வந்ததா எப்படி ஆகும்?"

போனேன். விடியலிலிருந்து இருட்டும் வரை அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா இடித்து வைத்த மாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தண்ணீர் சுமந்தேன், மூன்றாவது அடியை இழுக்காமல் பாட முயன்றேன். கிளம்பும்போது நாபிரி என் இரண்டு கைகளையும் பிடித்து, இனி எனக்கு அவர் ஒரு நாள் தர வேண்டும் என்று முறையாகச் சொன்னார். பெரியம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜூனில் ஒரு நாள், அக்டோபரில் மூன்று நாள். எஸ்நாத் கலிந்தே நாபிரிக்கு நாலு நாள் தர வேண்டியிருக்கிறது.